ஒளித்து வைப்பதா சூதானம்?

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. அடுப்படியில் இருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து வாங்கினேன். நீ சுகம், மருமகள் சுகம், பிள்ளைக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது என்பது வரைக்கும் சிரித்த முகமாகத்தான் படித்தேன். அதற்கு அப்புறம்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களில் பெரியம்மை வந்திருக்கிறது, அம்மை வராமல் தடுக்க அச்சு குத்துகிறவர் அடுத்த வாரம் அம்மைப்பாலோடு மலைக்கு வருகிறார், பிள்ளை சின்னது, குத்தினால் காய்ச்சல் வரும், அம்மையும் கோபித்துக்கொள்வாள் என்று உன் மாமியார் அழுகிறார், ஆகவே அவர் வந்து போகும் வரைக்கும் பிள்ளையை மலையடிவாரத்தில், வித்துராவில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவைக்கப் போகிறோம் என்று எழுதிவிட்டு, கடைசியில், கவலைப்படாதே அம்மா, நாங்கள் சூதானமாக இருந்துகொள்கிறோம் என்று முடித்திருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் அப்படியே நின்றதில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. உன் அப்பா அதை மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

நான் சுற்றி வளைக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பிள்ளை வித்துராவுக்குப் போகக் கூடாது. அச்சு குத்துகிறவர் வருகிற அன்று பிள்ளை பொன்முடியில், உன் வீட்டில், உன் மடியில் இருக்க வேண்டும். இதற்குமேல் நான் எழுதப்போவதெல்லாம் ஏன் என்று உனக்குப் புரிய வைப்பதற்காகத்தான். புரிந்தாலும் புரியாவிட்டாலும் முதலில் சொன்னது சொன்னதுதான்.

அந்தச் சொல்லை உனக்குக் கொடுத்தது நான். நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, சூதானமாப் போயிட்டு வா மக்கா என்று சொல்வேன். அதே நேரத்துக்கு அடுத்த வீட்டு தேவகியம்மா தன் மகனிடம், சூக்ஷிச்சுப் போணே என்று மலையாளத்தில் அதையே சொல்வாள். நீங்கள் இரண்டு பேரும் தெருமுனை திரும்பியதும், இவர்கள் என்ன சண்டைக்கா போகிறார்கள் என்று நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்வோம். கரமனை ஆற்றுப் படியில் பாசி இருந்தால் சூதானம். கொதிக்கிற சோற்றுப் பானையைச் சாய்க்கும்போது சூதானம். நீ எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டராகச் சேரப் போனபோது, துரையிடம் பேசும்போது சூதானம் என்று அப்பாகூடச் சொன்னார். யோசித்துப் பார். இதெல்லாம் ஏதோ ஒரு காரியத்தைச் செய்யப் போகிறவனிடம் சொல்கிற சொல். பாசி இருக்கிறது என்பதற்காக நாம் குளிக்காமல் இருந்தோமா? பானை சுடும் என்பதற்காகச் சோற்றை வடிக்காமல் வைத்தோமா? துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வடித்தோம். படுத்துத் தூங்குகிறவனிடம் சூதானமாகத் தூங்கு என்று யாரும் சொல்வதில்லை. நீயோ செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஓடி ஒளிவதற்கு அந்தச் சொல்லைப் போர்த்துகிறாய். இதே போர்வையை ஒருமுறை எங்கள் மேலும் போர்த்தினார்கள். அந்தக் கதையை உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. என் முகத்தில் இருக்கிற குழிகளை நீ சின்ன வயதில் விரலால் தொட்டுத் தொட்டு, இது எப்படி வந்தது என்று கேட்பாய். அம்மை வந்தது, போனது என்று சொல்லி வேறு பேச்சுக்கு மாற்றிவிடுவேன்.

நாங்கள் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தோம். என் அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அம்மா என் தம்பியைப் பெற்ற கொஞ்ச நாளில் போய்விட்டாள். அம்மாவின் தங்கை, புருஷனை இழந்தவள், சுசீந்திரத்திலிருந்து வந்து எங்களை வளர்த்தாள். பகவதி என்று பெயர். சித்தி என்றுதான் கூப்பிடுவோம் என்றாலும் எங்களுக்கு அவள்தான் அம்மா. தம்பி பெயர் தாணு. எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து இருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். தும்மல் வந்தால்கூடச் சிரித்துவிட்டுத்தான் தும்முவான். சித்தி அவனைத் தரையில் விடவே மாட்டாள், அவ்வளவு பெரிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே வீட்டு வேலையெல்லாம் செய்வாள்.

அந்த வருஷம் ஊரில் பெரியம்மை என்று பேச்சு வந்ததும், ஆபீசில் இருக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் அச்சு குத்த வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அவருக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஒருநாள் காலையில் அச்சு குத்தும் பிள்ளை என்று ஊரே கூப்பிடுகிற அந்த மனிதர் தோல்பையோடு வந்தார். அப்பாவே எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார். வந்தவர் மேல்கையில் ஒரு சொட்டு அம்மைப்பாலை வைத்து, அதன்மேல் வட்டமான சின்ன அச்சை அழுத்தித் திருகினார். தாணு அழுதான். நான் பெரியவள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தானாகக் காயட்டும், தொடக் கூடாது, அடுத்த வாரம் வந்து பார்ப்பேன் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அப்பா ஆபீசுக்குப் போனார். அப்பாவின் குடை தெருவைத் தாண்டியதோ இல்லையோ, சித்தி எங்கள் இரண்டு பேரையும் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

புளியைக் கரைத்து வைத்திருந்தாள். அதை ஊற்றித் தேய்த்து, தேங்காயெண்ணெய் போட்டு, தன் முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். எனக்கு எரிந்தது. தாணு கத்தினான். அவளும் அழுதுகொண்டேதான் துடைத்தாள். நான் ஏன் சித்தி என்று கேட்டதற்கு, “அம்மை கோவிச்சுக்கிடுவா மக்களே. மாட்டுச் சீழை உடம்புல வச்சுட்டுப் போறான். நாமதான் நம்மளச் சூதானமாப் பாத்துக்கிடணும், கேட்டியா” என்றாள். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதில் பொய்யும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அப்பாவிடம் சொல்லாதே என்றாள். நாங்களும் சொல்லவில்லை.

குத்தியது பலித்திருந்தால், அடுத்த வாரம் அவர் பார்க்க வந்தபோது கையில் கொப்புளம் எழும்பியிருக்க வேண்டும். எங்கள் கையில் ஒன்றும் இல்லை. வாசலில் அவர் குரல் கேட்டதும் சித்தி எங்களைத் தூக்கி நெல் போடுகிற பத்தாயத்துக்குள் இறக்கி மூடிவிட்டாள். ஊரிலிருந்து வண்டியில் நெல் வந்து இறங்கும் காலம் இல்லை, ஆகவே பத்தாயம் பாதிக்குமேல் காலி. இருட்டு. உமித்தூசி மூக்கில் ஏறியது. தாணுவுக்கு அது ஒரு விளையாட்டு. சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினான். நான் அவன் வாயை என் கையால் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். வெளியே சித்தி, பிள்ளைகள் சுசீந்திரத்துக்குத் தேர் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்று சொல்வது கேட்டது. அவர் போய்விட்டார். பொத்திய என் கையை நினைத்து நான் பல வருஷம் அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை வீட்டில் பெரியவள் சொன்னதைக் கேட்டது. அதை என் தப்பு என்று உன்னிடம் எழுதி நீ என்னைத் தேற்ற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு இருப்பது வருத்தம் இல்லை, கோபம்.

பங்குனி வெயிலில் எனக்கு முதலில் காய்ச்சல் வந்தது. பின்னாலேயே தாணுவுக்கு வந்தது. முத்துப் போட்டதும் சித்தி வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை, யாரும் வரவில்லை. அப்பா அச்சு குத்தும் பிள்ளையை ஓடிப் போய்க் கூட்டி வந்தார். குத்தியும் எப்படி வந்தது என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அந்த மனிதர் என் கையைத் திருப்பிப் பார்த்தார், தாணுவின் கையைப் பார்த்தார். எங்கும் முத்து, ஆனால் குத்திய அச்சு மட்டும் இல்லை. “ஆரா இது துடச்சு களஞ்ஞது?” என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. சித்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று, நான்தான் துடைத்துப் போட்டேன் என்றாள். அவளைத் திட்டுவதற்கு அப்பாவிடம் பலம் இல்லை. நான் பிழைத்தேன், முகத்தில் குழிகளோடும் இடது கண்ணில் மங்கலோடும். தாணு பிழைக்கவில்லை. கடைசி இரண்டு நாள் அவன் தண்ணீர்கூட முழுங்கவில்லை மக்கா. சித்தி பக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு சித்தி அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. நான் பள்ளிக்கூடம் போகும்போது வாசல் வரை வருவாள், வாய் திறப்பாள், ஒன்றும் வராது. அவள் கெட்டவளா என்று கேட்டால், இல்லை. எங்களுக்காக உயிரை விடுவாள். ஆனால் அன்பு இருக்கிறவள் கையே எங்களிடமிருந்து அந்தப் பாலைத் துடைத்துப் போட்டது. இதை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். உன் மாமியாரும் அப்படித்தான். பிள்ளைமேல் அவருக்கு உள்ள ஆசையை நான் சந்தேகப்படவில்லை. அந்த ஆசைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் கல்யாணப் பேச்சு வந்தபோது இந்த முகத்தைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். உன் அப்பா வந்தபோது அவருடைய மாமா, சூதானமாக யோசித்துச் சொல்லு, அப்புறம் வருத்தப்படக் கூடாது என்று என் காதில் விழும்படியே சொன்னார். சாலைக் கடையில் ஜவுளி அளக்கிறவர் அல்லவா, உன் அப்பா என்னை ஒருதரம் நேராகப் பார்த்துவிட்டு, “இதுல யோசிக்க என்ன இருக்கு மாமா. இவளுக்கு வந்து போயாச்சுல்லா, இனி வராது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் சிரித்த பெண் என்று அவர் வீட்டில் அதையும் ஒரு குறையாகச் சொன்னார்கள். சூதானம் என்றால் எப்படி யோசிக்க வேண்டும் என்று அந்த மனிதரிடம் கற்றுக்கொள். வேறு எதிலும் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே, குடையை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுவாய்.

அப்புறம் நீ பிறந்தாய். தவழத் தொடங்கியிருந்தாய். அச்சு குத்துகிறவர் நம் தெருவுக்கு வருகிறார் என்று தேவகியம்மா வந்து சொன்னாள். அப்போது சித்தி நம் வீட்டில் இருந்தாள், கொஞ்ச நாள் உன்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒளித்து வைக்கலாம் என்று சொல்வாளோ, அழுவாளோ, நான் என்ன பதில் சொல்வது என்றெல்லாம் மனசுக்குள் தயார் செய்துகொண்டேன். தேவைப்பட்டால் சண்டை போட்டு அவளைச் சுசீந்திரத்துக்கே அனுப்பிவிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன். அவர் வாசலில் வந்து பையைத் திறந்ததும் சித்தி உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. தேவகியம்மாவின் மடியில் உன்னை வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள்.

“ஏட்டி, இதைப் பிடிச்சுக்கோ. பிள்ளை அழுதா இது சும்மா இருக்காது. காயற வரைக்கும் விட்டுராதே.”

நான் பிடித்துக்கொண்டேன். நீ வீல் என்று கத்தினாய். அந்தக் கத்தலுக்கு அவள் கை என் கைக்குள் எழும்பியது பார், அந்த வேகத்தை என்னால் எழுத முடியாது. வயதான கை, எலும்பும் நரம்புமாக இருந்த கை, என்னை இழுத்துக்கொண்டே உன் பக்கம் போனது. நான் முழுப் பலத்தோடு பிடித்தேன். நீ அழ அழ அவளும் அழுதாள், நானும் அழுதேன். தேவகியம்மா மட்டும் திடமாக உன்னைப் பிடித்துக்கொண்டு, உன் கையில் ஊதிக்கொண்டே இருந்தாள். பால் காய்ந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நான் விடவில்லை. விட்டபோது அவள் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்திருந்தன. அடுத்த வாரம் உன் கையில் முத்துப்போல் ஒரு கொப்புளம் எழும்பிப் பழுத்திருந்ததைப் பார்த்து அச்சு குத்துகிறவர், அச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். சித்தி அன்று சாயங்காலமே ஆற்றுக்கால் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். அம்மையிடம் என்ன பேசினாளோ தெரியாது, வரும்போது முகம் தெளிந்திருந்தது. ராத்திரி அவள் நன்றாகச் சாப்பிட்டாள். உன் இடது மேல்கையில் இருக்கிற வட்டத் தழும்பு அதுதான்.

இன்னொன்றும் யோசி. நீ அங்கே ரைட்டர். லயத்தில் இருக்கிற பெண்கள் எல்லாரும் உன் வீட்டு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரைட்டர் ஐயா வீட்டுப் பிள்ளை வித்துராவுக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் ஒருத்தியும் தன் பிள்ளையைக் கொண்டு வரமாட்டாள். தேயிலைச் செடிக்குள்ளும் கூடைக்குள்ளும் பிள்ளைகளை ஒளித்து வைப்பார்கள். பாவம், அவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிப் பிழைக்க வந்தவர்கள். படித்த நீயே ஒளிக்கிறாய் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? உன் பிள்ளைக்கு முதலில் குத்தட்டும். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில், ஆபீஸ் முற்றத்தில் வைத்துக் குத்தட்டும். அதற்கு உனக்குத் தைரியம் இல்லை என்றால் பேனாவைத் துரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து அப்பாவோடு ஜவுளி அள.

அம்மைக்கு எதிராக நான் பேசுகிறேன் என்று உன் மாமியார் நினைக்க வேண்டாம். வருஷம் தவறாமல் ஆற்றுக்காலில் பொங்கல் வைக்கிறவள் நான். இந்த முகத்தைக் கொடுத்தவளிடம் போய் இந்த முகத்தோடுதான் நிற்கிறேன். பிள்ளையைக் காப்பாற்று என்று அவளிடம் கேட்டுவிட்டு, காப்பாற்ற வந்தவனைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவள் சிரிப்பாள்.

உன் மாமியாரைத் திட்டாதே. படிப்பில்லாதவர், பழங்காலத்து ஆள் என்று உன் ஆபீஸ் தோரணையில் ஏதாவது சொன்னாய் என்று கேள்விப்பட்டேனோ, உன்னைச் சும்மா விடமாட்டேன். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. தாணு கதையை விடாமல் படி. அழுதால் அழட்டும். மருமகளிடம் சொல், கிணற்றடியிலோ அடுப்படியிலோ புளி கரைத்து வைத்திருந்தால் அதைக் குழம்புக்கு ஊற்றிவிடச் சொல். காய்ச்சல் ஒரு நாள் இரண்டு நாள் வரும், கை வீங்கும், பிள்ளை சிணுங்கும். அப்போதும் யாரும் அந்த இடத்தைத் தொடக் கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, நீ செய்வாய் என்று நம்பி நான் இங்கே உட்கார்ந்திருக்கப் போவதில்லை. உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஒருவர் அழுதால் உன்னால் தாங்க முடியாது. மாமியாரும் பெண்டாட்டியும் பிள்ளையும் சேர்ந்து அழுதால் நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவாய். ஆகவே நான் வருகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கடையை யார் பார்ப்பது என்று ஒருதரம் கேட்டார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுதரம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் தம்பானூரில் பஸ் ஏறுகிறோம். அந்த வளைவுப் பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுத்துக்கொண்டேதான் வருவேன், இருந்தாலும் வருவேன். வித்துராவில் எஸ்டேட் லாரியை நிறுத்திவைக்க ஏற்பாடு செய். லாரி இல்லை என்றால் நடந்து ஏறுவேன்.

அச்சு குத்துகிறவர் பையைத் திறக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை நீ மடியில் வைத்து இறுக்கிப் பிடி. உன் மாமியாரின் கை இரண்டையும் நான் பிடித்துக்கொள்கிறேன். என்னுடைய கையை மருமகள் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா